ரேம் முழு வேகத்தில் ஓடுகிறதா? எக்ஸ்எம்பி ஆன் செய்வது எப்படி

போன மாதம் அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, வேலரன்ட் விளையாடறப்போ திடீர் திடீர்னு திணறுது. கிராபிக்ஸ் கார்டு வாங்கியே ஆகணுமா?" அவனுடையது ரைசன் 5 5600ஜி பிராசஸர், 8 ஜிபி ரேம் இரண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ரேம் வேகத்தைப் படிக்கச் சொன்னேன். 2400 என்றான். ரேம் பெட்டியில் அச்சிட்டிருந்ததோ 3200. வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடமாக அப்படியே ஓடியிருக்கிறது. கார்டு பேச்சை அங்கேயே நிறுத்தினோம்.

இது ரேமின் கோளாறு இல்லை. ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்ற சின்ன சிப் இருக்கும். ஜெடெக் என்ற தர அமைப்பின் விதிப்படி எந்த மதர்போர்டிலும் ஓடக்கூடிய நிதான வேகம் அதில் பதிவாகியிருக்கும். வேகமான ரேம்களில் கூடவே, தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த அதிக வேகமும் அதற்கான டைமிங் (ரேம் பதில் தர எடுக்கும் இடைவெளி), வோல்டேஜ் அளவுகளும் இருக்கும். அந்த இரண்டாவது தொகுப்புதான் எக்ஸ்எம்பி. இன்டெல் 2007இல், டிடிஆர்3 தலைமுறை ரேம் காலத்தில் கொண்டுவந்தது. ஏஎம்டி 2022இல் ரைசன் 7000 வரிசையோடு எக்ஸ்போ என்று தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. நாமே போய் ஆன் செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் நிதான வேகத்திலேயே நின்றுவிடும்.

எவ்வளவு லாபம்? இரண்டு ரேம் சேர்ந்து 2400இல் நொடிக்கு 38.4 ஜிபி வரை தரவைக் கடத்தும். 3200இல் அது 51.2 ஜிபி. 5600ஜிக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. அதனால் இந்த மாதிரி கம்ப்யூட்டருக்குத்தான் பலன் அதிகம். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) கொஞ்சம்தான் கூடும், நடுவில் வரும் திணறல் குறையலாம். 5800எக்ஸ்3டி போல தனக்குள்ளேயே கேஷ் மெமரி நிறைய உள்ள பிராசஸரில் வித்தியாசம் இன்னும் சிறியது.

1. இப்போதைய வேகத்தைப் பாருங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. அங்கே ஸ்பீடு என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் பாதி எண்தான் தெரியும். 1600 என்று காட்டினால் அது 3200தான்.

பிறகு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கேபினெட்டைத் திறந்து பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் ரேம் இருக்க வேண்டும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ செருகியிருந்தால் ஒற்றைச் சேனலில், அதாவது ஒரே பாதையில், ஓடிக்கொண்டிருக்கும், கடத்தும் திறன் பாதியாகிவிடும். எக்ஸ்எம்பி இல்லாததைவிட இதில் இழப்பு அதிகம்.

2. பயாஸுக்குள் போகும் முன்

பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அமைப்பு மென்பொருள். விண்டோஸில் டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் ரெகவரி கீயை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் கை வைத்த பிறகு அதைக் கேட்கலாம், கீ இல்லாமல் டிரைவைத் திறக்கவே முடியாது.

இன்டெல் போர்டுகளில் எச்610இல் ரேம் ஓவர்கிளாக் வசதி, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் வசதி, கிடையாது. பி560, பி660, பி760இல் உண்டு. ரைசன் 7000 வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸைப் புதுப்பித்தே ஆக வேண்டும். 2023இல் சில ரைசன் 7000 பிராசஸர்கள் கருகிப்போன பிறகு, பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3ஐத் தாண்டாதபடி ஏஎம்டி கட்டுப்பாடு கொண்டுவந்தது. பழைய பயாஸில் அந்தப் பாதுகாப்பு இருக்காது.

இன்னொன்று, எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டையும் நிறுவனங்கள் ஓவர்கிளாக் கணக்கில்தான் வைக்கின்றன. வாரன்டி விதிகளைப் படித்துவிடுங்கள். 5600ஜிக்கு 3200 என்பது ஏஎம்டியே ஒப்புக்கொண்ட வேகம் என்பதால் அவன் விஷயத்தில் நான் தயங்கவில்லை.

3. ஆன் செய்வது

ஆன் ஆகும்போதே டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில போர்டுகளில் எஃப்2. முதல் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, ஏ-எக்ஸ்எம்பி, டிஓசிபி என ஏதாவது ஒரு பெயர் இருக்கும். டிஓசிபி என்பது ஏஎம்டி போர்டுகளுக்கு ஏசுஸ் வைத்த பெயர். புரொஃபைல் 1ஐத் தேர்ந்தெடுத்து எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். டிடிஆர்4 ரேமின் வோல்டேஜ் 1.2இலிருந்து 1.35 ஆக மாறுவதாகக் காட்டும், அது சரிதான். வேறு எதையும் இப்போது தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்தால்தான் பிரச்சினை வரும்போது காரணம் தெரியும்.

4. திரை கறுப்பாகவே இருந்தால்

கொஞ்சம் பொறுங்கள். டிடிஆர்5 என்றால் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம்கூட ஆகும். பயந்து பவரை நிறுத்திவிடாதீர்கள். டிடிஆர்4 இரண்டு மூன்று முறை தானாக ரீஸ்டார்ட் ஆகலாம். வெகுநேரம் கழித்தும் வராவிட்டால், பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். எல்லாம் பழையபடி ஆகிவிடும். அடுத்த தடவை புரொஃபைலைத் தேர்ந்தெடுத்த பின் வேகத்தை மட்டும் 3000 அல்லது 2933 என்று குறைத்துப் பாருங்கள்.

5. சோதனை

விண்டோஸ் வந்துவிட்டதே என்று பலரும் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பிழையோடு ஓடும் ரேம் உடனே காட்டிக்கொடுக்காது. எங்கோ ஒரு பிட் மாறும், மாறியதே ஹார்டு டிஸ்கிலும் எழுதப்படும். பழைய ரேமோடு வேறொரு செட்டைச் சேர்த்து ஒருமுறை நான் எக்ஸ்எம்பி போட்டேன். கேம் எல்லாம் நன்றாக ஓடியது. மூன்று வாரம் கழித்து, காப்பி எடுத்து வைத்த குடும்பப் படங்களில் சில திறக்கவில்லை. அவை திரும்பக் கிடைக்கவே இல்லை. தனித்தனியாக வாங்கிய செட்டுகளைத் தயாரிப்பாளர் சேர்த்து வைத்துச் சோதித்திருக்க மாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மெம்டெஸ்ட்86 இலவசப் பதிப்பை யூஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து நான்கு சுற்றும் ஓடவிடுங்கள். சில மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறைத்து மறுபடி சோதியுங்கள்.

அக்கா மகனுக்குப் பிழை எதுவும் வரவில்லை. டாஸ்க் மேனேஜர் இப்போது 3200 காட்டுகிறது, திணறலும் நன்றாகவே குறைந்திருக்கிறது என்கிறான். பயாஸை அப்டேட் செய்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ எக்ஸ்எம்பி ஆஃப் ஆகிவிடும் என்பதால், அதன் பிறகு மறுபடி அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.