டிக்கெட் போடும் முன் ஹெட்டீச்சரிடம் கேளுங்கள்: இங்கிலாந்தில் டெர்ம் நடுவே ஊருக்குப் போகிறவர்களுக்கு

"ஒரு வாரம்தானே, ஸ்கூல்ல என்ன சொல்லிடப் போறாங்க?" தை மாதக் கல்யாணப் பத்திரிகைகள் வர ஆரம்பித்ததும், சனிக்கிழமை தமிழ் வகுப்பு வாசலில் தவறாமல் கேட்கும் பேச்சு இது. அங்கே நிற்கும் பெற்றோரிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். டெர்ம் (பள்ளிப் பருவம்) நடுவே அனுமதியில்லாமல் பிள்ளையைக் கூட்டிப் போனால் பெற்றோருக்கு ஃபைன் வரலாம். இது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு மட்டும். வேல்ஸில் தொகை வேறு, ஸ்காட்லாந்தில் இந்த ஃபைனே கிடையாது.

முதலில் பிள்ளையின் வயதைப் பாருங்கள். ஐந்து வயது முடிந்து, அதற்கடுத்த டெர்ம் தொடங்கும்போதுதான் சட்டப்படி கட்டாயக் கல்வி வயது ஆரம்பிக்கிறது. ரிசப்ஷனில் (முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) படிக்கும் நாலு வயதுக் குழந்தைக்கு ஃபைன் வராது. அதற்காகச் சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள், ரெஜிஸ்டரில் பெயர் இருக்கிறது.

அடுத்தது கணக்கு. பள்ளியில் எண்ணுவது நாளை அல்ல, செஷனை. காலை ஒன்று, மதியம் ஒன்று. பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாத பத்து செஷன் சேர்ந்துவிட்டால், ஃபைன் போடுவதா என்று பள்ளி பரிசீலித்தே ஆக வேண்டும். ஐந்து நாள் விடுமுறை என்றாலே பத்து செஷன் ஆகிவிடுகிறது. காலை வருகைப்பதிவு முடிந்து ரெஜிஸ்டர் மூடிய பிறகு தாமதமாகக் கொண்டுவிட்ட காலைகளும் இதே கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஏற்கெனவே அப்படி நாலைந்து காலை போயிருந்தால் மூன்று நாள் பயணமே போதும், எல்லையைத் தொட்டுவிடும்.

2024 ஆகஸ்டிலிருந்து தொகை இங்கிலாந்து முழுக்க ஒன்றுதான். 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்டு, அதைத் தாண்டி 28 நாளுக்குள் என்றால் 160. இது ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு. அப்பா, அம்மா இருவருமாக இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போனால் 320 பவுண்டு. மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்கு இரண்டாம் முறை வந்தால் நேராக 160, சலுகை இல்லை. மூன்றாவது தடவை ஃபைன் நோட்டீஸ் வராது, பெரும்பாலும் கோர்ட்டுக்குத்தான் போகும். அங்கே 2,500 பவுண்டு வரை விதிக்கலாம். ஃபைனை எதிர்த்து அப்பீல் செய்யவும் வழி இல்லை.

"டிக்கெட்டில் மிச்சமாகும் காசில் ஃபைனைக் கட்டிவிடலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவைக்கு அது சரியாகக்கூட வரும். ஆனால் அடுத்த மூன்று வருடத்தில் ஊரில் யாருக்கு என்ன ஆகும் என்று யார் கண்டது? அந்த ஒரு வாய்ப்பைக் கடற்கரைக்கும் ஷாப்பிங்குக்கும் செலவழிக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

2013-லிருந்து, விதிவிலக்கான சூழ்நிலை என்று ஹெட்டீச்சர் கருதினால்தான் விடுப்பு. சுற்றுலாவோ மலிவான டிக்கெட்டோ அதில் அடங்காது. நெருங்கிய உறவினரின் மரணம், தாத்தா பாட்டியின் கடைசி நாட்கள், கூடப்பிறந்தவர்களின் கல்யாணம் போன்றவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்குமா என்பது அவர் முடிவு. பிள்ளை வழக்கமாக யாரோடு இருக்கிறதோ அந்தப் பெற்றோர்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் போவதற்கு முன்பே. திரும்பி வந்து கேட்டால் கொடுக்க விதியில் இடமில்லை.

கடிதத்தில் "குடும்ப நிகழ்ச்சி" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். நம் வீட்டு விஷயம் அவர்களுக்குத் தெரியாது, நாம்தான் விளக்க வேண்டும். "என் உடன்பிறந்த தம்பிக்குத் திருமணம். முகூர்த்தம் வியாழக்கிழமை காலை, தேதியைக் குறித்தது பெண் வீட்டார். மகள் புதன் முதல் வெள்ளி வரை வரமாட்டாள், திங்கட்கிழமை வகுப்பில் இருப்பாள்." இந்த அளவுக்குத் தெளிவாக எழுதிப் பத்திரிகையையும் இணையுங்கள். இரண்டு வாரம் கேட்டு மறுக்கப்படுவதைவிட மூன்று நாள் கேட்டு வாங்குவது மேல். தீபாவளி போன்ற பண்டிகை நாளுக்குத் தனி விதி உண்டு. சமய அனுஷ்டானம் என்று முன்கூட்டியே சொன்னால் அந்த ஒரு நாள் வேறு குறியீட்டில் பதிவாகும், ஃபைன் கணக்கில் வராது.

மரணச் செய்தி வந்தால் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏர்போர்ட் போகும் வழியிலேயே ஆபீஸுக்கு ஃபோன் செய்து, கையோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.

காய்ச்சல் என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை திங்கட்கிழமை கையில் மருதாணியோடு போய், யானை பார்த்த கதையை டீச்சரிடம் சொல்லத்தான் செய்யும். அதைவிட, பொய்யை மறைக்கும் பாரத்தை அந்தச் சின்னப் பிள்ளை தலையில் ஏற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தேதி உங்கள் கையில் இருக்கும் விசேஷமா? அப்படியானால் காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு ஊருக்குப் பேசுங்கள். இங்கே கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்குகிறது. அப்போது ஊரில் ஆடி, கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆகஸ்ட் நடுவில் ஆவணி பிறந்துவிடும். செப்டம்பர் ஆரம்பத்தில் பள்ளி திறப்பதற்குள் உள்ள அந்த இரண்டு வாரத்தில் ஒரு முகூர்த்தம் பாருங்கள் என்று மாமாவிடமோ சித்தியிடமோ ஆறு மாதம் முன்பே சொல்லி வைத்தால் முக்கால்வாசிப் பேர் கேட்பார்கள். காதுகுத்து, மொட்டை எல்லாம் ஈஸ்டர் விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம், பல வருடம் சித்திரை முதல் நாளும் அதற்குள் வந்துவிடும். பள்ளியின் இன்செட் நாட்களையும் (ஆசிரியர் பயிற்சிக்காகப் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் நாட்கள்) பாருங்கள். டெர்ம் நடுவே வரும் ஹாஃப்-டெர்ம் விடுமுறையை ஒட்டி ஒன்று வந்தால் ஒரு நாள் சும்மாவே கிடைக்கும்.

திரும்பும் டிக்கெட்டைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவுக்குப் போடாதீர்கள், இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். ஃப்ளைட் ரத்தானால் அன்றே பள்ளிக்குச் சொல்லி, ஏர்லைன் அனுப்பிய செய்தியையும் அனுப்புங்கள். அனுமதித்த விடுப்பு முடிந்தும் பத்துப் பள்ளி நாளாகப் பிள்ளை வராமல், பள்ளியும் உள்ளூர் கவுன்சிலும் தேடியும் தகவல் கிடைக்காவிட்டால், ரெஜிஸ்டரிலிருந்து பெயரை எடுத்துவிட முடியும். காத்திருப்போர் பட்டியல் உள்ள பள்ளியென்றால் அந்த இடம் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.