நிலா பெரிசாகத் தெரிகிறதா? முதலில் அளந்து பாருங்கள்

பஞ்சிங் மெஷினால் ஒரு காகிதத்தில் ஓட்டை போடுங்கள். குறுக்களவு 6 மில்லிமீட்டர் இருக்கும். முழுநிலவு அடிவானத்தில் எழும்போது, கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். தாம்பாளம் மாதிரித் தெரிந்த நிலா அந்தச் சின்ன ஓட்டைக்குள் அடங்கிவிடும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து, அது உச்சிக்குப் போனதும் மறுபடி பாருங்கள். அதே ஓட்டை, அதே பொருத்தம்.

அடிவானத்து நிலா உண்மையிலேயே பெரிது என்று நம்புவதுதான் முதல் தவறு. காற்று மண்டலம் பூதக்கண்ணாடி போல அதைப் பெருக்குகிறது என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. காற்று அதன் நிறத்தைச் சிவப்பாக்கும், மேலும் கீழுமாகச் சற்று நசுக்கும், அவ்வளவுதான். இன்னொரு விஷயம்: நிலா உச்சியில் இருக்கும்போதுதான் நாம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறோம். அடிவானத்தில் இருக்கும்போது பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது கிட்டத்தட்ட 6,400 கிலோமீட்டர் கூடுதல் தூரம். ஆகவே அங்கே அது ஒன்றரை சதவீதம் சிறிதாகவே இருக்கிறது. பெரிதாகக் காட்டுவது நம் மூளை. ஏன் அப்படிச் செய்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

அப்புறம் சூப்பர்மூன், அதாவது பூமிக்கு மிக அருகில் இருக்கும்போது வரும் முழுநிலவு. அந்தப் பெயரை 1979-இல் வைத்தவர் ரிச்சர்ட் நோல் என்ற ஜோதிடர். நிலவின் பாதை நீள்வட்டம் என்பதால் தூரம் சுமார் 3,56,500 கிலோமீட்டரிலிருந்து 4,06,700 வரை மாறுகிறது. "14 சதவீதம் பெரிது, 30 சதவீதம் பிரகாசம்" என்று ஒவ்வொரு முறையும் செய்தி வரும். கணக்கு சரிதான். ஆனால் அது மிக அருகில் வரும் முழுநிலவை மிகத் தொலைவில் இருக்கும் முழுநிலவோடு ஒப்பிடும் கணக்கு. சராசரி முழுநிலவோடு ஒப்பிட்டால் 7 சதவீதம்தான். நம் காகித ஓட்டையில் சொன்னால், 14 சதவீதம் என்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இரண்டு நிலவுகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஏழு மாதம் ஓடியிருக்கும். ஏழு மாதத்துக்கு முன் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு யாரால் ஒப்பிட முடியும்? சூப்பர்மூனைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகப் பாருங்கள். அது வானத்தை அடைத்துக்கொண்டு வரும் என்று குழந்தைகளிடம் சொல்லி ஏமாற்றாதீர்கள்.

கட்டடத்துக்குப் பின்னால் ராட்சச நிலா நிற்கும் படங்களை வைத்து அளவை முடிவு செய்யவும் கூடாது. 200 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளின் உயரமும் நிலவின் அகலமும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தூரம் போகப்போக ஆள் சிறுத்துவிடுவார், நிலா அப்படியே இருக்கும். புகைப்படக்காரர் தொலைவில் போய் நின்று, தூரத்தில் இருப்பதைப் பெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸில் எடுப்பது இதனால்தான். செல்போன் படத்தில் நிலா புள்ளியாக விழுவதும் போனின் கோளாறு அல்ல. நிலவின் அகலம் வெறும் அரை டிகிரி. போன் லென்ஸோ வானத்தில் ஒரு பெரிய பகுதியை ஒரே படத்துக்குள் இழுத்துவிடுகிறது.

செவ்வாய் முழுநிலவு அளவுக்குத் தெரியும் என்ற வதந்தி 2003-இலிருந்து பல ஆண்டுகள் சுற்றியது. அந்த ஆகஸ்டில் செவ்வாய் மிக அருகில் வந்தது உண்மை. அப்போதும் அதன் தூரம் 5.5 கோடி கிலோமீட்டருக்கு மேல். 75 மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் பார்த்தால்தான் வெறுங்கண்ணில் தெரியும் நிலா அளவுக்கு வரும்.

கடைசியாக, பெரிய துணைக்கோள் என்றால் பெரிதாகத் தெரியும் என்ற நினைப்பு. வியாழனின் கானிமீட் 5,268 கிலோமீட்டர் குறுக்களவு கொண்டது, புதன் கோளைவிடப் பெரிது. நம் நிலா 3,474 கிலோமீட்டர்தான், சூரியக் குடும்பத்துத் துணைக்கோள்களில் ஐந்தாவது இடம். ஆனால் வியாழனின் மேகங்களுக்கு மேலிருந்து பார்த்தால், கானிமீட் நம் நிலா நமக்குத் தெரிவதில் ஏறக்குறைய பாதி அகலம்தான். தூரம் சுமார் 10 லட்சம் கிலோமீட்டர் ஆயிற்றே! மறுபக்கம் புளூட்டோவின் சாரோனை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு வெறும் 1,212 கிலோமீட்டர். ஆனால் 20,000 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், புளூட்டோவில் நிற்பவருக்கு அது நம் முழுநிலவைப் போல ஏழு மடங்கு அகலமாகத் தெரியும். எழுவதும் இல்லை, மறைவதும் இல்லை. புளூட்டோவின் ஒரு பாதிக்கு அது எப்போதும் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும், மறுபாதிக்குக் கண்ணில் படவே படாது.