மலிவு கேமராவோடு கடலுக்குள் இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முக்குளிக்கப் புதிதாக வருகிறவர்களின் கையில் இப்போதெல்லாம் ஒரு கேமராவும் இருக்கிறது. 200, 300 சிங்கப்பூர் வெள்ளிக்குள் வாங்கிய ஆக்‌ஷன் கேமராவாக இருக்கும். இல்லையென்றால் யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற சின்னக் கேமராவும் அதற்கான ஹவுசிங்கும், அதாவது தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையும். அதில் தப்பே இல்லை. கடலுக்குள் படம் எடுக்க ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைப் புதியவர்கள் வரிசையாகச் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறந்தது, மெமரி கார்டை வீட்டிலேயே விட்டுவந்தது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை நடந்தால் மறுமுறை நடக்காது.

அட்டையில் போட்டிருக்கும் மீட்டரை அப்படியே நம்புவது

பல ஆக்‌ஷன் கேமராக்கள் ஹவுசிங் இல்லாமலே 10 மீட்டர் வரை தாங்கும் என்று போட்டிருக்கும். முரட்டுப் பயன்பாட்டுக்கென்று விற்கும் சில சின்னக் கேமராக்களில் 15 மீட்டர். முக்குளிப்பின் ஆரம்பச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் வைத்திருப்பவர் 18 மீட்டர் வரை இறங்கலாம். நம் சிங்கப்பூரின் சிஸ்டர்ஸ் தீவு கடல் பூங்காவில் இருக்கும் ஆழமான முக்குளிப்புப் பாதையே 15 மீட்டர் வரை போகிறது. கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறதல்லவா?

10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. பேட்டரிக் கதவில் இருக்கும் ரப்பர் புதிதாக, சுத்தமாக இருக்கும்போது சொன்ன அளவுதான் அட்டையில் இருப்பது. இரண்டு வருடம் யாருடைய பையிலோ கிடந்து வந்த கேமராவுக்கு அது பொருந்தும் என்று சொல்ல முடியாது. மலிவான ஹவுசிங்குகளில் இன்னொன்றும் நடக்கும். தாங்கும் ஆழத்தை நெருங்கும்போது தண்ணீரின் அழுத்தமே பட்டனை உள்ளே அமுக்கிவிடும். கேமரா தானாக ரெக்கார்டு ஆகும், தானாக நிற்கும். அப்படி நடந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கொஞ்சம் மேலே வந்துவிடுங்கள், பட்டனும் மேலே வந்துவிடும்.

ஹவுசிங் இல்லாமல் ஸ்கூபாவுக்குக் கேமராவைக் கொண்டுவராதீர்கள். அது நீர்புகாக் கேமராவாகவே இருந்தாலும் சரி.

போனைப் போடும் பிளாஸ்டிக் பை

நீச்சல் குளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ-ரிங்கை அவசரத்தில் மூடுவது

மற்றத் தவறுகள் பலவற்றால் படம்தான் கெடும். இந்தத் தவறால் கேமராவே போய்விடும். பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதற்குத்தான்.

ஹவுசிங் கதவின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளத்துக்குள் ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். கடலுக்கும் கேமராவுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான். அதன் குறுக்கே ஒரு தலைமுடி கிடந்தால் போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். மணல், துண்டிலிருந்து உதிர்ந்த நூல், முந்தைய டைவில் காய்ந்துபோன உப்பு, எதுவானாலும் இதே கதைதான்.

மலேசியாவின் தியோமான் தீவில் ஒரு தம்பி. வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி, மெர்சிங் படகுத்துறையில் ஃபெரி பிடித்து, சரியான தூக்கமில்லாமல் வந்திருந்தார். முதல் டைவ் முடிந்ததும் படகிலேயே பேட்டரியை மாற்ற உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது, விரலெல்லாம் சன்ஸ்கிரீன். மடியில் வைத்து ஹவுசிங்கைத் திறந்தார், டி-ஷர்ட் ஓரத்தால் ஓ-ரிங்கைத் துடைத்தார், டக்கென்று மூடிவிட்டார். "தம்பி, இன்னொரு தடவை திறந்து பாருங்க" என்றேன். "மூடிருச்சு அண்ணே, சத்தம் கேட்டுச்சே" என்றார்.

அந்தச் சத்தம் கொக்கி மாட்டிக்கொண்ட சத்தம். வளையம் ஒழுங்காக உட்கார்ந்ததா, மேலே ஏதாவது கிடக்கிறதா என்று அது சொல்லாது. இறங்கிய சிறிது நேரத்தில் அவர் கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டினார். லென்ஸுக்குக் கீழே, விரல் அகலத்துக்குத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. மேலே வந்ததும் முதலில் கேட்டது, "நாலு மீட்டர்கூட இறங்கலையே அண்ணே, அதுக்குள்ள எப்படி?"

நிறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. ஆழத்தில்தான் தண்ணீர் புகும் என்று நினைக்கிறோம். உண்மையில் ஆழம் போகப் போக அழுத்தம் கதவை இன்னும் இறுக்கி, வளையத்தைப் பள்ளத்துக்குள் நன்றாக அமுக்கிப் பிடிக்கும். மேற்பரப்பிலும் முதல் சில மீட்டர்களிலும்தான் அந்த உதவி கிடையாது. அதனால்தான் படகில் கேமரா கழுவ வைத்திருக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள்கூட ஹவுசிங்கில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. அந்தத் தொட்டியில் எல்லாருடைய கேமராவும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். நனைத்தோமா, எடுத்தோமா என்று இருங்கள். ஊறப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதல் நாள் இரவே அறையில் உட்கார்ந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் மூடுங்கள். வளையத்தைக் கழற்றி விரல்களுக்கு நடுவே மெதுவாக ஓடவிட்டால், கண்ணுக்குத் தெரியாத மணலும் விரலுக்குத் தெரியும். பள்ளத்தையும் பாருங்கள், அங்கேதான் அழுக்கு ஒளிந்திருக்கும். துடைக்க டிஷ்யூ வேண்டாம், அதுவே நாரை விட்டுவிடும். மூடிய பிறகு கண்ணாடி வழியாக ஓ-ரிங்கைச் சுற்றிலும் பார்த்தால், அமுங்கிய கோடு எங்கும் விடுபடாமல் ஒரே சீராகத் தெரிய வேண்டும்.

கிரீஸ் விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நிறையத் தடவினால் நன்றாக அடைத்துக்கொள்ளும் என்று அப்பிவிடுகிறார்கள். தண்ணீரைத் தடுப்பது ரப்பர்தான். வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காருவதற்காகத்தான் கிரீஸ். அதிகமானால் மணலையும் முடியையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே ஒரு மினுமினுப்பு தெரிந்தால் போதும். ஆக்‌ஷன் கேமரா ஹவுசிங்குகள் பலவற்றில் இருப்பது தட்டையான ரப்பர் பட்டை. அதற்குக் கிரீஸே தேவைப்படாது. கையேட்டைப் பார்த்துவிட்டுத் தடவுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று வாசலின் மட்டும் வேண்டவே வேண்டாம். சிலிகோன் ரப்பரை அது ஊத வைத்துவிடும்.

புதிதாக வாங்கிய ஹவுசிங்கை முதல் டைவுக்குக் கேமரா இல்லாமல் கொண்டுபோங்கள். உள்ளே ஒரு டிஷ்யூவை மடித்து வைத்தால், எங்கே ஈரம் பட்டது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஒரு டைவுக்குப் படம் இல்லாமல் போவது பலருக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் புகுந்த கேமராவைப் பெரும்பாலும் எந்த வாரண்டியும் ஏற்றுக்கொள்ளாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டைவுக்கு நடுவே திறந்தே ஆக வேண்டுமென்றால், தலையைத் துவட்டி, துண்டைச் சுற்றிக்கொண்டு, காய்ந்த இடமாகப் பார்த்து உட்காருங்கள். பேட்டரி தாங்கும் என்றால் திறக்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகும் தண்ணீர் புகுந்துவிட்டால், ஹவுசிங்கின் கண்ணாடி முகத்தைக் கீழே பார்க்கத் திருப்பிக்கொண்டு, கூட முக்குளிக்கும் ஜோடியுடன் வழக்கமான வேகத்தில் மேலே வாருங்கள். கேமராவுக்காக விருட்டென்று மேலே ஏறுகிறவர் தன் நுரையீரலைப் பணயம் வைக்கிறார். படகில் கேமராவை அணைத்துப் பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி சூடாகவோ உப்பியோ இருந்தால் அதைக் கழற்ற முயலாமல் கேமராவோடு தள்ளி வையுங்கள். கடல்நீர் பட்ட லித்தியம் பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடாது. மெமரி கார்டு பெரும்பாலும் பிழைத்துவிடும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பாருங்கள். அந்தத் தம்பியின் அம்மா வீட்டில் கேமராவை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தார்களாம். அரிசி ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம். சர்க்யூட்டில் படிந்த உப்பை எடுக்க அதனால் ஆகாது.

மூடும்போது உள்ளே போகும் காற்று

நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம்தான். படகில் மூடினால் அந்த ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். கேமரா சூடாக, வெளியே தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க, கண்ணாடியில் பனி படியும். ஏர்கான் அறையில் மூடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சின்னச் சிலிகா ஜெல் பட்டையை உள்ளே செருகுங்கள்.

ஹந்துவில் தியோமானைத் தேடுவது

சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் தண்ணீருக்குள் 2, 3 மீட்டர் தூரம் தெரிந்தாலே நல்ல நாள் என்பார்கள். மழை பெய்தால் அதுவும் குறையும். அங்கே போய் அகலமான பவளப்பாறைக் காட்சியை எடுக்கிறேன் என்று நின்றால் பச்சைத் தண்ணீர்தான் படத்தில் இருக்கும். ஹந்துவின் அழகு சின்ன உயிர்களில் இருக்கிறது. நூடிபிராங்க் என்னும் வண்ணக் கடல் நத்தைகள், நண்டுகள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கடல்குதிரை. ஆனால் பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களுக்கு ஃபோகஸ் மாற்றும் வசதி கிடையாது. சுமார் 30 சென்டிமீட்டருக்கு உள்ளே போனால் எல்லாம் மங்கிவிடும். விரல் நகம் அளவு நத்தையை அந்தத் தூரத்திலிருந்து எடுத்தால் ஒரு புள்ளிதான் தெரியும்.

அதனால் உள்ளூரில்தான் அதிகம் முக்குளிக்கப் போகிறீர்கள் என்றால், மிகக் கிட்டத்தில் படம் எடுக்கும் மேக்ரோ வசதி உள்ள பழைய சின்னக் கேமராவையும் ஹவுசிங்கையும் வாங்குங்கள் என்பது என் முடிவு. ஏற்கெனவே ஆக்‌ஷன் கேமரா வாங்கிவிட்டவர்கள் அதன் முகத்தில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கிட்டே போகப் போகக் கேமராவுக்கும் உயிருக்கும் நடுவே இருக்கும் கலங்கல் குறையும், படமும் தெளியும்.

பிளாஷ்

அணைத்துவிடுங்கள். லென்ஸை ஒட்டியே இருக்கும் பிளாஷ், தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு தூசியையும் வெள்ளைப் புள்ளியாக்கிவிடும்.

சிவப்பு ஃபில்டர்

5 மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கும். 10 மீட்டருக்குக் கீழே ஏறக்குறைய இருக்காது. அதைச் சரிக்கட்ட ஃபில்டர் வாங்குகிறார்கள். வெயில் நன்றாக இறங்கும் தியோமானின் நீலத் தண்ணீரில் அது வேலை செய்யும். நம் பச்சைத் தண்ணீரில் இருக்கும் வெளிச்சத்தையும் குறைத்து, படத்தை இருட்டாக்கிவிடும். அந்தக் காசை ஒரு சின்ன வீடியோ லைட்டில் போடுங்கள். லைட்டைக் கேமராவை ஒட்டிப் பிடிக்காமல் கையை நீட்டிப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள்.

மிதப்பு பழகுமுன் கேமராவைத் தூக்குவது

பாடம் முடித்த அடுத்த வாரமே கேமராவோடு வந்துவிடுகிறார்கள். கண் திரையிலேயே இருக்கும். காலில் மாட்டிய துடுப்பு பின்னால் பவளத்தை உடைக்கும், சேற்றைக் கிளப்பும், கிளம்பிய சேறு அடுத்தவர் படத்தையும் கெடுக்கும். காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதும் மறந்துபோகும். கைகளைக் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், தரைக்கு ஒரு முழம் மேலே அசையாமல் நிற்க வந்த பிறகு கேமராவை எடுங்கள். அதுவரை கேமரா வார்ப்பட்டையில் பிசிடியோடு (மிதப்பைக் கட்டுப்படுத்த அணியும் ஜாக்கெட்) கட்டப்பட்டுக் கிடக்கட்டும்.

படம் ஆடாமல் இருக்க மூச்சை அடக்குவது

கூடவே கூடாது. மூச்சை அடக்கியபடி சற்றே மேலே மிதந்தாலும் நுரையீரல் கிழியலாம்.

டைவ் முடிந்ததும் திறப்பது

உப்பு காய்வதற்குள் மூடிய ஹவுசிங்கை நல்ல தண்ணீரில் அமிழ்த்தி, ஒவ்வொரு பட்டனையும் தண்ணீருக்குள்ளேயே பலமுறை அமுக்குங்கள். பட்டனின் ஸ்பிரிங்கைச் சுற்றித்தான் உப்பு உறையும். அடுத்த டைவில் பட்டன் சிக்கிக்கொள்வதும் அதனால்தான். வெளியே முழுக்கக் காய்ந்த பிறகு, கதவு கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்துத் திறந்தால் ஓரத்தில் தங்கிய துளிகள் கேமரா மேல் விழாது. தியோமானுக்குப் போக முடியாத பருவமழை மாதங்களில் கொக்கியைப் போடாமல் வையுங்கள். மூடியே வைத்திருந்தால் ஓ-ரிங் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும். மார்ச்சில் முதல் பயணத்துக்கு முன் டிஷ்யூ வைத்து மறுபடியும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.