சஸ்பென்ஷனைப் பார்க்க வேண்டிய நேரத்தில் டயரை மாற்றாதீர்கள்

புதிதாகக் கார் ஓட்டுபவர்கள் "கொஞ்சம் பாருங்களேன்" என்று வண்டியைக் கொண்டுவரும்போதெல்லாம், சஸ்பென்ஷன் (சக்கரத்தை வண்டியோடு இணைத்து, மேடு பள்ளத்தின் அதிர்வைத் தாங்கும் பாகங்கள்) விஷயத்தில் நான் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். பள்ளத்தில் வேகமாக இறக்காதீர்கள், அதிகச் சுமை ஏற்றாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

டயர் தேய்ந்தால் டயரோடு நிறுத்திவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும், ஏனென்றால் என் முதல் காருக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை முன் டயர் வாங்கியவன் நான். இடது டயரின் உள்விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தது. புது டயர் போட்டு, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்து, மெஷின் திரையில் எல்லா எண்ணும் பச்சையில் வந்ததும் நிம்மதியாகக் கிளம்பினேன். சில மாதத்தில் அதே இடத்தில் கம்பி தெரிந்தது! கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கை) பின்பக்கப் புஷ் (ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்து ரப்பர்) அருகில் ஒரு கம்பியைக் கொடுத்து லேசாக நெம்பினார். ஆர்ம் முன்னும் பின்னும் ஆடியது, புஷ் ரப்பர் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயை விட்டே கிழிந்து நின்றது.

அலைன்மென்ட் மெஷின் அளப்பது வண்டி அசையாமல் நிற்கும்போது இருக்கும் கோணத்தை. கிழிந்த புஷ்ஷோடு பிரேக் மிதித்தால் ஆர்ம் நகரும், சக்கரம் கோணம் மாறும், டயர் ரோட்டில் உரசிக்கொண்டே ஓடும். அதனால் முதலில் சஸ்பென்ஷனைப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் சரிசெய்யுங்கள், அப்புறம் டயர், கடைசியில் அலைன்மென்ட்.

உள்விளிம்பு வெளியிலிருந்து தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு எட்டிப் பாருங்கள், டயர் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். அங்கங்கே குழி குழியாகக் கைக்குத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் (ஸ்பிரிங் குதிப்பதை அடக்கும் எண்ணெய்க் குழாய், சுருக்கமாக ஷாக்) மேல் சந்தேகப்படுங்கள், கூடவே வீல் பேலன்ஸையும் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று) பார்த்துவிடுங்கள்.

காரை அமுக்கிப் பார்த்து முடிவு செய்வது

காரின் ஒரு மூலையை அமுக்கிவிட்டதும் இரண்டு மூன்று முறை குதித்தால் ஷாக் போய்விட்டது, சரி. ஆனால் உடனே நின்றுவிட்டது என்பதற்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பால் ஜாயிண்ட் (ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு), புஷ் பற்றி இந்தச் சோதனை எதுவுமே சொல்லாது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் ஈரமாக வழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சத்தத்துக்குப் பழகிவிடுவது

"அது ரொம்ப நாளாகவே இருக்கு" என்பார்கள். மெதுவாகப் போகும்போது சின்ன மேடு பள்ளத்தில் டக் டக் என்று கேட்டால் பெரும்பாலும் லிங்க் ராட் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு) அல்லது புஷ். ஆனால் அதே மாதிரிச் சத்தம் பால் ஜாயிண்டிலிருந்தும் வரலாம், அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. இதில் தயவுசெய்து நாள் கடத்தாதீர்கள்.

ஒரு பக்க ஷாக்கை மட்டும் மாற்றுவது

வேண்டாம். முன்னால் என்றால் முன்னால் இரண்டும்.

சர்வீஸ் கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருப்பது

பெரிய பள்ளத்தில் பலமாக அடித்தால் அந்த வாரமே காட்டுங்கள்.

புது புஷ்ஷை அந்தரத்தில் இறுக்குவது

சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள்.