வாட் பார்த்து கிட்டார் ஆம்ப் வாங்காதீர்கள்

சென்னையில் எலெக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்ளும் பலருக்கு வாசிக்க நேரம் கிடைப்பதே இரவு ஒன்பது மணிக்கு மேல்தான், அதுவும் ஒரு ஃப்ளாட்டுக்குள். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர், தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இப்படிக் குறைந்த சத்தத்தில்தான் கழிக்கப்போகிறது. இதை மறந்துவிட்டுக் கடைக்குப் போவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம்.

முதலில் வாட், அதாவது ஆம்பின் மின்திறன். இருபது வாட் எடுத்தால் பத்து வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தம் வரும் என்று கணக்குப் போடுகிறோம். காது அப்படிக் கேட்பதில்லை. வாட் இரட்டிப்பானால், சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 3 டெசிபல்தான் கூடும். கொஞ்சம் கூடியிருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரே ஸ்பீக்கரை வைத்துப் பார்த்தால், 50 வாட்டுக்குப் பாதி சத்தம் 5 வாட்டிலேயே வந்துவிடும்.

அந்த 5 வாட்டே வீட்டுக்கு அதிகம். கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணமாக 90 டெசிபலைத் தொட்டுவிடும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி பாருங்கள். அதனால் வாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பாஸ் கட்டானா 50 போல, 50 வாட் ஆம்பை அரை வாட்டுக்கு இறக்கும் வசதி இருந்தால் அது வேறு விஷயம். அந்தப் பணம் வீட்டிலும் உபயோகப்படும்.

கண்ணாடி வால்வுகளில் ஓடும் பழைய பாணி ட்யூப் ஆம்ப் மீது ஆசை வருவது இயல்பு. ஆனால் அதன் அழகான டிஸ்டார்ஷனில் (ராக் இசையில் கேட்கும் கரகரத்த ஒலி) பெரும் பங்கு, பவர் ட்யூப்கள் நன்றாக உழைக்கும்போதுதான் வருகிறது. வால்யூம் ஒன்றைத் தாண்டாத வீட்டில் அது கிடைக்காது. ட்யூப்கள் தேயும், மாற்றவும் வேண்டும். சின்ன பட்ஜெட்டுக்கு, டிரான்சிஸ்டரில் ஓடும் சாலிட் ஸ்டேட்டோ, பல ஆம்ப்களின் ஒலியை மென்பொருளால் போலச் செய்யும் டிஜிட்டல் மாடலிங் ஆம்போ போதும் என்பது என் உறுதியான கருத்து.

வாட்டை விட்டுவிட்டு ஸ்பீக்கரின் அளவைப் பாருங்கள். ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி-யில் இருப்பது 6 இஞ்ச் ஸ்பீக்கர். மஸ்டாங் எல்டி25-இல் 8 இஞ்ச். சின்ன ஸ்பீக்கரில், மிகத் தடித்த ஆறாவது கம்பியின் கனம் முழுதாக வராது. இடம் இருந்தால் 8 இஞ்சுக்குக் கீழே போக வேண்டாம் என்பேன்.

கடையில் சோதிக்கும் விதமும் முக்கியம். 1842-இல் தொடங்கிய, அண்ணா சாலையில் உள்ள மூசி மியூசிக்கல் போன்ற பெரிய கடையோ, தெருமுனைக் கடையோ, உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். கடையில் மாட்டியிருக்கும் விலை உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். அப்புறம், "அண்ணா, வால்யூமை நல்லா இறக்கிடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். சத்தம் குறைந்தால் நம் காதுக்கு பேஸ், அதாவது கனமான கீழ் ஒலிகள், குறைவாகவே கேட்கும். உரக்க வைத்தபோது கொழுகொழுவென்று இருந்த ஆம்ப் வீட்டில் சோகையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்தில் நிற்பவரோடு சாதாரணமாகப் பேச முடிகிற அளவில் வைத்து, எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்து, வெறும் க்ளீன் டோனைக் கேளுங்கள். அது பிடிக்கவில்லையென்றால் முன்பே அமைத்து வைத்த ஒலிகள், அதாவது பிரீசெட், நூறு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இரவில் வாசிப்பவருக்கு ஹெட்போன் சாக்கெட்தான் உண்மையான ஆம்ப். அதை யாரும் கடையில் சோதிப்பதே இல்லை. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியை இயல்பாகவே வெட்டிவிடும், ஹெட்போன் வெட்டாது. அந்த வேலையை ஆம்பே செய்யவில்லையென்றால் டிஸ்டார்ஷன், தகரத்தில் மணலைக் கொட்டியது மாதிரி இருக்கும். உங்கள் ஹெட்போனைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். வயர் உள்ளதாகவே இருக்கட்டும்: சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் மீட்டிய பிறகு ஒலி தாமதமாக வரும், தாளம் கெடும். ஆம்பில் உள்ள ப்ளூடூத் பெரும்பாலும் போனிலிருந்து பாட்டு ஓடவிடத்தான். ஹெட்போனில் மட்டுமே வாசிப்பேன் என்றால், கிட்டாரிலேயே நேராகச் செருகும் வாக்ஸ் ஆம்ப்ளக் போன்ற குட்டிச் சாதனம் போதும்.

செலவே வேண்டாம் என்று ஹோம் தியேட்டரில் கிட்டாரைச் செருகுபவர்களும் உண்டு. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கிட்டார் பிக்கப் எதிர்பார்க்கும் இன்புட் இம்பீடன்ஸ் (செருகும் இடத்தின் மின்தடை) ஒரு மெகா ஓம் அளவுக்கு. ஹோம் தியேட்டரில் அது மிகக் குறைவு. கூர்மை போய் ஒலி மந்தமாகிவிடும். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு அதற்கென்றே உள்ள ஆம்ப்தான் சரி. பேஸ் கிட்டாரைச் சின்ன கிட்டார் ஆம்பில் உரக்க வாசித்தால் ஸ்பீக்கர் கிழியலாம்.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவரும் ஆம்ப் பற்றி ஒரு வார்த்தை. பின்பக்கம் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகவே கூடாது. தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை எக்காரணம் கொண்டும் ஒதுக்காதீர்கள். கம்பியைத் தொட்டதும் சுருக்கென்று அடித்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரைச்சல் மட்டும் வந்தால் ஆம்பைக் குறை சொல்லும் முன் லைட் டிம்மரை அணைத்து, இன்வெர்ட்டரில் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

பட்ஜெட் இடித்தால் செகண்ட்ஹேண்ட் நல்ல வழி. கடலோரக் காற்றில் ஜாக்குகள் துருப்பிடிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருந்து வரும் ஆம்பில் கேபிளைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். குமிழ்கள் ஒவ்வொன்றையும் திருப்புங்கள். கரகரவென்றால் பெரும்பாலும் தூசிதான், கான்டாக்ட் க்ளீனர் அடித்தால் சரியாகிவிடும். ஸ்பீக்கரில் அதிரும் காகிதக் கோன் கிழிந்திருந்தால் விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.