கால் விநாடிக்குள் முடிய வேண்டிய வேலை: டெப்த் ஜம்ப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டியிலிருந்து இறங்கி, கால் தரையைத் தொட்டவுடனே மேலே எம்புவதுதான் டெப்த் ஜம்ப். ஆனால் இடுப்பு உயரப் பெட்டியிலிருந்து தொம்மென்று குதித்து, முழங்காலை நன்றாக மடக்கி உட்கார்ந்து, அப்புறம் மேலே எம்புகிற பையன்களைப் பல மைதானங்களில் பார்க்கலாம். வியர்வை கொட்டும், மறுநாள் தொடை வலிக்கும். அதனாலேயே நல்ல பயிற்சி என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் செய்வது உயரத்திலிருந்து இறங்கி ஒரு குந்து போட்டு எழுவது மட்டுமே. ரியாக்டிவ் ஸ்ட்ரென்த் அதில் அதிகம் வளராது.

கீழே வரும் உடலைத் தடுத்து, அந்த வேகத்தையே வாங்கிக்கொண்டு உடனே மேலே எறியும் திறன்தான் ரியாக்டிவ் ஸ்ட்ரென்த். கால் தரையைத் தொடுவதற்கு முன்பே கெண்டைத் தசை விறைத்துக்கொள்கிறது. தரை பட்டதும் தசை பெரிதாக நீள்வதில்லை. குதிகால் மேலுள்ள தசைநாண் ரப்பர் போல நீண்டு சட்டென்று சுருங்குகிறது. தாமதித்தால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிவிடும். அதனால்தான் தரை தொடும் நேரம் 0.25 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்கிறோம். முழு வேகத்தில் ஓடும் 100 மீட்டர் வீரரின் பாதம் தரையில் இருப்பது சுமார் 0.1 விநாடி. தமிழ்நாட்டின் பிரவீன் சித்திரவேல் 2023இல் ஹவானாவில் மும்முறை தாண்டுதலில் 17.37 மீட்டர் தாண்டி தேசியச் சாதனை படைத்தார். அந்தத் தரத்துத் தாண்டலில் மூன்று மிதிப்புகளையும் கூட்டினாலும் சுமார் அரை விநாடிதான் வரும்.

பெட்டியின் உயரம்

மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இதுதான். டெப்த் ஜம்ப்பை 1960களில் முறைப்படுத்திய சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கொஷான்ஸ்கி 75 செ.மீ., 110 செ.மீ. என்று எழுதிய உயரங்கள், பல ஆண்டுகள் பார்பெல் தூக்கித் தேறிய தாண்டல் வீரர்களுக்கானவை. அந்த எண்களை எடுத்துக் கல்லூரி முதலாண்டு மாணவனுக்குக் கொடுப்பது சரியல்ல. பெட்டி உயர உயர உடல் கீழே வரும் வேகமும் கூடும். கணுக்கால் தாங்காதபோது முழங்கால் மடங்கும், குதிகால் தரையில் அடிக்கும், நேரம் நீளும்.

சரியான உயரத்தை ஊகிக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதியுள்ள போன் போதும். இரண்டு மீட்டர் தள்ளி, தரையோடு ஒட்டி, பக்கவாட்டில் வையுங்கள். 20, 30, 40, 50 செ.மீ. பெட்டிகளிலிருந்து மும்மூன்று முறை, நடுவே ஒரு நிமிட ஓய்வுடன் குதிக்கச் சொல்லுங்கள். பாதம் தரையில் இருந்த படங்களை எண்ணி 240ஆல் வகுத்தால் தரை நேரம். காற்றில் இருந்த படங்களையும் அப்படியே வகுத்து, வரும் விடையை அந்த விடையாலேயே பெருக்கி, 1.226ஆல் மறுபடி பெருக்கினால் எம்பிய உயரம் மீட்டரில் கிடைக்கும். உயரத்தைத் தரை நேரத்தால் வகுத்தால் வருவதுதான் ரியாக்டிவ் ஸ்ட்ரென்த் குறியீடு.

30 செ.மீ. பெட்டியில் தரையில் 48 படம், காற்றில் 120 படம் என்று வைத்துக்கொள்வோம். தரை நேரம் 0.20 விநாடி, உயரம் 31 செ.மீ., குறியீடு சுமார் 1.5. அதே வீரர் 40 செ.மீ. பெட்டியில் தரையில் 62 படம், காற்றில் 125 படம் எடுக்கிறார். உயரம் 33 செ.மீ. ஆகிவிட்டது; கண்ணால் பார்ப்பவருக்கு முன்னேற்றம் போலத் தெரியும். ஆனால் தரை நேரம் 0.26 விநாடி, குறியீடு 1.3. அவருக்கு இன்றைக்கு உரிய பெட்டி 30 செ.மீ.தான். திரும்பி இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தால் காற்று நேரம் பொய்யாகக் கூடும். எம்பியபோது இருந்த அதே நிலையில் கால் நீட்டி இறங்கினால்தான் கணக்கு சரி.

இறங்கும் விதம்

பெட்டியிலிருந்து எம்பிக் குதிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் 30 செ.மீ. பெட்டி 40 செ.மீ. ஆகிவிடும். ஒரு காலை முன்னே நீட்டி, நடப்பது போல அடியெடுத்து வைத்து அப்படியே விழ வேண்டும். நிற்கும் காலை மடக்கித் தாழ்ந்து இறங்குவது எதிர்ப்பக்கத் தவறு. அங்கே உயரம் குறைந்துவிடும்.

“முன்பாதத்தில் இறங்கு” என்று சொன்னால் பலர் விரல் நுனியைக் கீழே நீட்டிக்கொண்டு வருவார்கள். கணுக்கால் அப்போது தளர்ந்து போயிருக்கும். தரை பட்டதும் குதிகால் பொத்தென்று விழும். பாதத்தைச் சற்று மேல் நோக்கி இழுத்துப் பிடித்து, விரல்களுக்குப் பின்னாலுள்ள மேட்டில் மிதிக்க வேண்டும். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஓர் அட்டை நுழையும் இடைவெளி இருந்தால் போதும். காதும் உதவும்: நல்ல மிதிப்பு “டப்” என்று ஒரே சத்தம், முன்பாதமும் குதிகாலும் அடுத்தடுத்து விழுந்தால் இரண்டு சத்தம் கேட்கும். முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்தால் அன்றைக்கு டெப்த் ஜம்ப்பை நிறுத்திவிட்டு, இறங்கி அசையாமல் நிற்கும் பயிற்சிக்குத் திரும்புங்கள்.

மூச்சு வாங்க வைப்பது

இது உடல் களைக்கச் செய்யும் பயிற்சி அல்ல. களைத்த தசையால் தசைநாணை இறுக்கிப் பிடிக்க முடியாது. ஒரு செட்டுக்கு 4 அல்லது 5 தாவல், மொத்தம் 4 செட் போதும். ஒவ்வொரு தாவலுக்கும் நடுவே 15 விநாடியாவது, செட்டுக்கு நடுவே 2 முதல் 3 நிமிடம். தரை நேரம் பத்தில் ஒரு பங்கு கூடினால், அதாவது 0.20 என்பது 0.22 ஆனால், அன்றைய வேலை முடிந்தது; செட் பாக்கி இருந்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்த முறைக்கு 48 முதல் 72 மணி நேர இடைவெளி வேண்டும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு செய்வதும், தொடங்குமுன் கெண்டைக்காலை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்து ஸ்ட்ரெச் செய்வதும் தசையில் இருக்கும் விறைப்பைக் கெடுக்கும். வார்ம்-அப் முடிந்ததும் முதல் வேலையாக இதை வையுங்கள்.

கடற்கரை மணல் கெண்டைக்கால் உரமேற நல்லது, இறங்கும் அதிர்ச்சியும் குறைவு. ஆனால் பாதம் புதைவதால் தரை நேரம் நீள்கிறது, மீள்விசை மணலுக்குப் போய்விடுகிறது. கனமான ஜிம் மெத்தையும் அப்படியே. சிமெண்ட் தரை முன்னங்கால் எலும்பைப் பதம் பார்க்கும். சிந்தெடிக் டிராக், மரத்தளம், இறுகிய குட்டைப் புல்தரை ஆகியவை ஏற்றவை.

ஆரம்பப் படிகளை விட்டுத் தாண்டுவது

தசை சில வாரங்களில் வலுப்படும். தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். இந்த இடைவெளியில்தான் காயங்கள் வருகின்றன. முதல் மூன்று வாரம் இறங்கி நிற்பதும், ஸ்கிப்பிங் கயிறும், முழங்கால் மடக்காமல் கணுக்காலால் மட்டும் துள்ளுவதும். அடுத்த மூன்று வாரம் 15 முதல் 20 செ.மீ. ஹர்டில்களைத் தொடர்ந்து தாவுவது. அதன் பிறகே 20 செ.மீ. பெட்டி. குண்டு எறிபவர்கள் போல 100 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் 45 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்குப் பெட்டியே வேண்டாம். கயிறும் பாண்டியும் நொண்டியும் அவர்களுக்குத் தாராளம். நொண்டியில் முழு எடையும் ஒரே காலில் விழுவதால் அதையும் எண்ணித் தாவல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகாலுக்கு மேலே விறைப்போ வலியோ இருந்தால், அது தசைநாண் தரும் எச்சரிக்கை. வார்ம்-அப்பில் வலி மறைந்துவிடுவதால் பலர் பொருட்படுத்துவதில்லை. அன்று தாவலை விட்டுவிட்டு, முன்பாதத்தில் மெதுவாக எழுந்து 30 விநாடி நிலைத்து நிற்பதை ஐந்து முறை செய்யச் சொல்லுங்கள். அதுவும் வலித்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். மூன்று நாள் கழித்தும் அந்த வலி இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி பெட்டியில் ஏற வேண்டும்.