லாக் போடாமலே இணை நிரலாக்கம்: காற்றாலைக் கோப்புகளைக் கொண்டு ஒரு வழிகாட்டி

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிக் காற்றாலைகளின் பதிவுகளை நாகர்கோவிலில் இருந்தபடி பைத்தானில் அலசும் ஒரு நிரலாளரை எடுத்துக்கொள்வோம். காற்றாலைக்கு ஒரு சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை), பத்து நிமிடத்துக்கு ஒரு வரி என்றால், ஓராண்டுக்கு ஒரு கோப்பில் 52,560 வரிகள் சேரும். கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால், கணினியில் எட்டு கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) இருந்தும் ஒன்றுதான் உழைக்கும். வேலையைப் பிரித்து எல்லா கோர்களையும் ஒரே நேரத்தில் உழைக்க வைப்பதே இணை நிரலாக்கம்.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள். நூறு வினாடி வேலையில் இருபது வினாடியைப் பிரிக்கவே முடியாது என்றால், எட்டு கோர்களிலும் முப்பது வினாடிக்குக் கீழே இறங்க முடியாது. எத்தனை கோர்கள் சேர்த்தாலும் வேகம் ஐந்து மடங்கைத் தாண்டாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே நிரலில் கை வைக்க வேண்டும்.

அடுத்து, ஒரு கோப்பின் பெயரை வாங்கிக்கொண்டு அந்தக் காற்றாலை உற்பத்தி செய்த மொத்த யூனிட்டைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். அது வெளியில் உள்ள எந்த மாறியையும் மாற்றக்கூடாது. இந்த வழிமுறையின் உயிர்நாடி இதுதான். பொதுவான ஒரு மாறியில் இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் நினைவகத்தைப் பகிர்ந்தபடி ஓடும் வேலை இழைகள்) ஒன்றைக் கூட்டும்போது, இரண்டும் 41 என்று படித்து, இரண்டும் 42 என்று எழுதிவிட்டால் ஒரு கூட்டல் காணாமல் போகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அடுத்த ஓட்டத்தில் விடை சரியாகவும் வந்துவிடலாம். இதைத் தடுக்க லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே மாறியைத் தொட விடும் பூட்டு) போடத் தொடங்கினால், த்ரெட்கள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிரல் முடங்கும் சிக்கலும் கூடவே வருகிறது. பகிர்வதற்கு எதுவுமே இல்லையென்றால் லாக்குக்கே தேவையில்லை. லாக்கைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பிறகு, பைத்தானின் கன்கரன்ட் ஃபியூச்சர்ஸ் தொகுப்பில் உள்ள, வேலையைத் தனித்தனி பிராசஸ்களுக்கு (தனி நினைவகத்தோடு ஓடும் நிரல்களுக்கு) பங்கிடும் பிராசஸ் பூல் எக்ஸிக்யூட்டரை உருவாக்கி, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷனை இயக்கும் அதன் மேப்புக்கு இந்த ஃபங்ஷனையும் கோப்புப் பெயர்ப் பட்டியலையும் கொடுங்கள். விண்டோஸில் இந்த வரிகளை மெயின் நிபந்தனைக்குள் (if __name__ == "__main__":) வைப்பது கட்டாயம். வழக்கமான பைத்தானில் ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே பைத்தான் நிரலை இயக்க விடும் உள் பூட்டு) காரணமாகக் கணக்கு வேலைக்கு த்ரெட்கள் வேகம் தருவதில்லை. இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் காத்திருப்பு வேலைக்கு அவை போதும். கோப்புகள் சிறியவையாகவும் ஏராளமாகவும் இருந்தால், சங்க்சைஸை (ஒரு பிராசஸுக்கு ஒரு தடவையில் அனுப்பும் கோப்புகளின் எண்ணிக்கையை) உயர்த்தி, பிராசஸ்களுக்கு இடையிலான போக்குவரத்துச் செலவைக் குறைக்கலாம். ஜாவாவில் 2014-இல் வந்த பேரலல் ஸ்ட்ரீமும் ரஸ்ட் மொழியில் ரேயான் நூலகமும் இதே பாணியில் இயங்குபவை.

பழைய வரிசை நிரலை அழித்துவிடாமல், இரண்டின் விடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேப் விடைகளைக் கொடுத்த வரிசையிலேயே தரும். முடிந்தது முதலில் என்று வாங்கினால் கூட்டும் வரிசை மாறி, தசமத்தின் கடைசி இலக்கங்கள் சற்றே வேறுபடலாம் என்பதால், சிறு வேறுபாட்டை அனுமதிக்கும்படி சோதனையை எழுதுங்கள்.